ஒன்றும் தரமாட்டோம் என்று எழுதத் தெரியாத ஊர்

வைனோனு, ஸவாயி தீவு, சமோவா
செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி

தங்கை தெலேஸியாவுக்கு, அண்ணன் பெனியாமினா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அண்ணி லோதாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். தலைநகர் ஆப்பியாவில் நீயும் பிள்ளைகளும் மாப்பிள்ளை ஸகாரியாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் மாலை ஜெபத்தில் பெயர் சொல்லிக் கேட்கிறோம். மாப்பிள்ளையின் பெயரை இப்போதெல்லாம் கடைசியில் சொல்கிறோம். ஆனால் சொல்கிறோம்.

முதலில் செய்தி. மத்தாவுலி ஊரில் தங்கியிருக்கும் நியூசிலாந்துத் தச்சர் கோர்டனின் தன்னார்வலர் விசா மேலும் மூன்று மாதங்களுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்பது இன்று காலை ஒன்பது இருபதுக்கு உறுதியானது. ஆதாரம் இரண்டு. ஒன்று, பஸ் டிரைவர். முத்திரையைத் தன் கண்ணால் பார்த்தவர். இரண்டு, கோர்டனே. நம் ஊர் முனையில் பஸ் வேகம் குறைந்தபோது பாஸ்போர்ட்டை விரித்து ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு எனக்குக் கையசைத்தார். பத்திரிகையில் முப்பத்தொரு வருஷம் நிருபராக இருந்தவன் நான். ஒற்றை ஆதாரத்தை நம்பி ஒரு வரி எழுதியதில்லை. இதை எழுதலாம்.

அந்த முத்திரையைக் குத்தியது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. விசா அலுவலகத்தில் தன்னார்வலர் பிரிவில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்றும் கேட்கப் போவதில்லை. ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒருவர் மத்தாவுலிக்கு வாழ்க்கைப்பட்டவர் என்பது ஊருக்கே தெரியும். நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. தகவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

உனக்குப் பொறாமை என்று நீ சொல்வாய். பொறாமை இல்லை. மத்தாவுலிக்காரர்கள் வீட்டுக்கு இரண்டு குழாய் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை அந்தத் தண்ணீரில் பஸ்ஸைக் கழுவுகிறார்கள். அதற்கு நான் பொறாமைப்பட்டேனா? நம் ஊர்க் குழாய் பிப்ரவரிப் புயலில் மலையோரத்தில் வெடித்து ஏழு மாதமாகிறது. நம் பெண்கள் கடலோரச் சுனையில் வாளி வாளியாக மொண்டு தூக்கிவருகிறார்கள். அதுவும் கடல் வற்றும் நேரத்தில் போனால்தான் உப்புக் குறைவு. இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு பிளம்பர் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட ஊருக்குப் பள்ளிக்கூடத்தில் புத்தக அலமாரி செய்ய ஒரு தச்சர் கிடைத்திருக்கிறார். அலமாரி இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு அவர் ஆலயத்துக்குப் புதுப் பிரசங்க மேடை செய்தார், பஸ் நிறுத்தத்தில் முதுகு சாய்க்கப் பலகை வைத்த பெஞ்சு செய்தார், போன வாரம் ஒரு கோழிக்கூடு செய்தார். அந்தக் கோழிக்கூட்டைப் பார்க்கவென்று நான் போகவில்லை. வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். நம் ஊர்ச் சபை வீட்டைவிட அது நேராக நிற்கிறது.

இனி நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நம் கோப்பில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அது எப்படி அங்கே வந்தது என்று தெரியாது.

ஆஸ்திரேலியாவில் பல்லாரட் என்ற ஊரிலிருந்து கிளைவ் ஹாரப் என்பவர் மே மாதம் நமக்கு எழுதினார். வயது அறுபத்தேழு. நாற்பது வருஷம் குழாய் பதித்தவர். பன்னிரண்டு வாரம் வந்து நம் குழாயைச் சரிசெய்து தருகிறேன், சம்பளம் வேண்டாம், விமான டிக்கெட்டும் என்னுடையது என்றார். உங்கள் ஆபீஸ் கேட்ட போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், திரும்பிப் போகும் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அனுப்பினார். மனிதர் அப்படி. பாக்கி இருந்தது ஒன்றுதான்: அழைக்கும் ஊர் எழுதவேண்டிய படிவம். ஊர்ச் சபைச் செயலாளர் என்ற முறையில் அதை நான் நிரப்பினேன். மூன்று பக்கம் முடித்துவிட்டேன். நான்காவது பக்கத்தில் உங்கள் ஆபீஸ் ஒரு கேள்வி கேட்டிருந்தது: "தன்னார்வலருக்கு உங்கள் ஊர் என்னென்ன தரும்? விவரமாக எழுதவும்." கீழே ஆறு கோடு.

தெலேஸியா, நீ இந்த ஊரில் பிறந்தவள். வரும் விருந்தாளிக்கு என்ன தருவீர்கள் என்று ஒரு சமோவா ஊரைப் பார்த்து எழுத்தில் கேட்டால் என்ன ஆகும் என்று உங்கள் ஆபீஸில் ஒருத்தருக்குமா தோன்றவில்லை? கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஒரு கூடை சேப்பங்கிழங்கு வந்தால்கூட யார் கொடுத்தது, எவ்வளவு என்று ஊர் கேட்க உரக்கக் கூவி அறிவித்த பிறகுதானே உள்ளே எடுப்போம். இது அரசாங்கமே கேட்கிறது. சபை கூடியது. பேச்சுத் தலைவர் ஃபாகாதா முற்றத்தில் கோலை ஊன்றி நின்றார். நான் பேனாவைத் திறந்தேன்.

முதலில் மூத்த தலைவர் லெயாதூனாவின் குடும்பம் ஒரு பன்றி என்றது. ஃபாகாதா அதைக் கடற்கரை வரைக்கும் கேட்கும்படி கூவினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தவர்கள், "அவங்க ஒண்ணு குடுத்தா நாங்க ஒண்ணா? நாங்க என்ன இளப்பமா? ரெண்டு எழுதுப்பா" என்றார்கள். அப்புறம் அதைத் தடுக்க ஆளில்லை. பன்றி பதினொன்று. பிஸ்கட் பெட்டி, டின் மீன் பெட்டி, தினமும் காலையில் கொக்கோ. கடலைப் பார்த்த தனி வீடு. துணி துவைக்க ஒரு ஆள், விசிறி வீச இரண்டு ஆள். பாட்டிமார் வருஷக்கணக்கில் பின்னி, பெட்டியை விட்டு வெளியே வராத நுண்பாய் நான்கு. போகும்போது ஒரு தலைவர் பட்டம். உண்மையை மறைக்கக்கூடாது: பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சு மெத்தை தருகிறேன் என்று எழுந்தபோது எனக்கும் பொறுக்கவில்லை. நான் ஓய்வுபெற்ற அன்று பத்திரிகை ஆபீஸில் கொடுத்தார்களே, அந்தச் சாய்வு நாற்காலியை என் பங்காகச் சொன்னேன். எழுதியதும் நான், கொடுத்ததும் நான். ஆறு கோடு போதவில்லை. தனித்தாள் மூன்று சேர்த்தேன்.

திருத்தம்: மேலே பன்றி பதினொன்று என்று எழுதிவிட்டேன். குறிப்பைப் பார்த்தேன். பன்னிரண்டு.

மூன்று வாரம் கழித்து உன் பதில் வந்தது. "அன்புடையீர் திரு. பெனியாமினா" என்று ஆரம்பித்திருந்தாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். போகட்டும், ஆபீஸ் முறை. கடிதத்தின் சாரம்: தன்னார்வலர் என்பவர் பணமாகவோ பொருளாகவோ எந்த ஊதியமும் பெறாதவர். நீங்கள் பட்டியலிட்டிருப்பது எங்கள் தலைமை அதிகாரி வாங்குவதைவிட அதிகம். எனவே இவர் தன்னார்வலர் அல்ல, வேலைக்கு வருபவர். வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கவும். அதற்கு முன் இந்த வேலையைச் செய்ய உள்நாட்டில் ஆள் இல்லை என்பதைப் பத்திரிகை விளம்பரம் மூலம் நிரூபிக்கவும் என்று எழுதியிருந்தாய். அடியில் உன் கையெழுத்து. அன்றைக்கு உனக்கு போன் செய்தேனே, நினைவிருக்கும். நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன். பழக்கம்.

"அண்ணே, ஆபீஸ்ல இருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க."

"மத்தாவுலிக்காரங்க அந்த நாலாம் பக்கத்துல என்ன எழுதினாங்க?"

"அதையெல்லாம் நான் சொல்லக் கூடாதுண்ணே."

"ஒண்ணும் தரமாட்டோம்னு எழுதினாங்களா?"

"அண்ணே, கவுண்டர்ல ஆள் நிக்கிறாங்க."

"எழுதினாங்களா இல்லையா?"

"அண்ணி எப்படி இருக்காங்க?"

நீ மறுக்கவில்லை என்பதைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.

உன் அண்ணியிடம் சொன்னேன். "ஒரு ஊர் கூடி உக்காந்து, வர்ற மனுஷனுக்கு ஒண்ணும் தரமாட்டோம்னு எழுதியிருக்காங்க. வெக்கம் வேண்டாமா?" அவள் சுனைத் தண்ணீரைப் பானையில் ஊற்றிக்கொண்டே, "வெக்கமில்லாதவங்க வீட்டுல குழாயும் இருக்கு, ஆளும் இருக்கு. நம்ம வீட்டுல வெக்கம் இருக்கு. அதை ரெண்டு வாளி மொண்டு வந்து குளிங்க" என்றாள்.

சொன்னபடி விளம்பரம் கொடுத்தோம். நானே எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன்: வேலை, குழாய் சரிசெய்தல், பன்னிரண்டு வாரம், ஊதியம், கீழ்க்கண்டவாறு. கீழ்க்கண்டது அரைப்பக்கம் வந்தது. உள்நாட்டில் ஆள் இல்லை என்று நிரூபிக்கத்தானே விளம்பரம்? நாற்பத்து மூன்று விண்ணப்பம் வந்தது. அடுத்த ஊர்ப் போதகர், குழாய் வேலை தெரியாது, ஆனால் கற்றுக்கொள்ளும் மனம் உண்டு என்று எழுதியிருந்தார். ஒரு ஆசிரியர், பட்டம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். பதினேழாவது விண்ணப்பம் உன் வீட்டுக்காரருடையது. அனுபவம் என்ற இடத்தில் "குளியலறைக் குழாயை ஒருமுறை கழற்றியிருக்கிறேன்" என்று இருந்தது. மாட்டினாரா என்று எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். நாற்பத்து மூன்றாவது விண்ணப்பம் மூத்த தலைவர் லெயாதூனாவே. நான் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, இது நம்ம ஊர் குடுக்கிற விளம்பரம். நீங்கதான் ஊர்த் தலைவர்."

"அதனாலதான்யா போட்டேன். இருபது வருஷமா தலைவரா உக்காந்திருக்கேன். இந்த ஊரு எனக்கு ஒரு கோழி குடுத்திருக்கா? விசிறி வீச ரெண்டு ஆளாம்! முகம் தெரியாதவனுக்கு!"

"ஐயா, அந்த ரெண்டு ஆளையும் எழுதச் சொன்னதே நீங்கதான்."

"சொன்னேன். நீ எழுதுவேன்னு யாரு கண்டா?"

இதற்கிடையில் அந்தப் பட்டியலின் நகலைக் கிளைவுக்கும் அனுப்பியிருந்தேன். அவர் மின்னஞ்சலில் பதில் எழுதினார். மிகவும் நெகிழ்ந்துபோனதாகவும், ஆனால் தான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று முதல் கடிதத்திலேயே குறிப்பிட்டிருந்ததாகவும் எழுதினார். எடுத்துப் பார்த்தேன். குறிப்பிட்டிருந்தார். இரண்டாம் பக்கம், கடைசி வரி. இதை ஒரு சட்ட நியாயமாக உன் முன் வைக்கிறேன்: சாப்பிடாதவருக்குக் கொடுக்கும் பன்றி எப்படி ஊதியம் ஆகும்? பன்னிரண்டையும் கழித்துவிட்டு மறுபடி மதிப்புப் போடு. சபையிலும் இதைச் சொன்னேன். ஃபாகாதா, "பாவம், உடம்புக்கு என்னவோ. சரி, பன்றிய அடிச்சிட்டு கோழி எழுது" என்றார்.

அடுத்து மத்தாவுலி விவகாரம். சென்ற சனிக்கிழமை அங்கே ஒரு வேலையாகப் போனேன். என்ன வேலை என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. உன் வீட்டுக்காரரும் படகேறித் தன் ஊருக்கு வந்திருந்தார். சபை வீட்டில் கோர்டன் நடுவில் உட்கார்ந்திருந்தார். வந்த புதிதில் பெல்ட்டை மூன்றாவது ஓட்டையில் மாட்டியிருந்த மனிதர். இப்போது பெல்ட்டே இல்லை, வேட்டிதான் கட்டுகிறார். எதிரே முழுப்பன்றி. கீழே நுண்பாய், நம் ஊர்ப் பாயைவிடப் பழசு, நல்ல பாய். நான் மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டேன்.

"மாப்பிள்ள, ஒண்ணும் தரமாட்டோம்னு எழுதிக் குடுத்தீங்களே, இது என்ன?"

"குடுக்கலியே மச்சான்! நாங்க சாப்பிடறோம். அவரு பக்கத்துல உக்காந்திருக்காரு."

"அந்தப் பாய்?"

"தரையில விரிச்சிருக்கோம். அவரு கால் அது மேல பட்டிருக்கு."

"விசிறி வீசற பொண்ணு?"

"அவளுக்குப் புழுக்கமா இருக்கு மச்சான். காத்து எந்தப் பக்கம் போகும்னு நாம சொல்ல முடியுமா?"

"படிவத்துல எழுதினது பொய்தானே?"

"பொய் எழுதலை. நாங்க ஒண்ணும் தரலை, அதுவா நடக்குது. நீங்க பேப்பர்ல வேலை பாத்தவரு, பேப்பரை நம்பிட்டீங்க. வாங்க, சாப்பிடுங்க. உங்களுக்குத் தர்றதுக்கு எந்த விசாவும் தடையில்ல."

சாப்பிட்டேன். மறுத்தால் மரியாதையில்லை. ஒரு செய்தியாளனாக ருசியையும் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது: நன்றாக இருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய கீரை இரண்டு தரம் வாங்கினேன். அதனால் நான் எழுதுவதன் நடுநிலை கெடாது. ஆனால் திரும்பி நடந்துவரும்போது ஒன்று தோன்றியது. அதை உனக்கு மட்டும் சொல்கிறேன். கோர்டன் சிரிக்கும்போது அந்த ஊரே சிரிக்கிறது. அவர் ஒரு ஆணி அடித்தால் பத்துப் பேர் சுற்றி நின்று தலையாட்டுகிறார்கள். கடல் தாண்டி ஒரு மனிதர் தன் காசில், தன் வயதில், இந்த ஊர்தான் வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருக்கிறார். நம் ஊர் வேண்டும் என்று எழுதிய ஒரே ஆள் கிளைவ். அவரையும் நாம் நம் தாராளத்தாலேயே தடுத்துவிட்டோம்.

அதனால்தான் நேற்று திங்கட்கிழமை மறுபடி சபையைக் கூட்டச் செய்தேன். பழைய பட்டியலை ரத்துசெய்து, புதுப் படிவத்தில் நாலாம் பக்கத்தில் "எதுவும் தரமாட்டோம்" என்று எழுதவேண்டும், இரண்டே வார்த்தை என்றேன். ஃபாகாதா எழுந்து கோலை ஊன்றினார். தொண்டையைக் கனைத்தார். "வைனோனு ஊர், கனம் பொருந்திய விருந்தாளிக்கு..." என்றார். நின்றுவிட்டார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் "விருந்தாளிக்கு" என்ற இடத்தில் நின்றார். மூன்றாம் தரம் வியர்த்துவிட்டது.

"வரலைய்யா. வாய் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது. கொஞ்சம்னு எழுதலாமா? ஒரு எளநீர்?"

"எளநீரும் பொருள்தான்யா. விதி அப்படி."

"பாதி எளநீர்?"

மூத்த தலைவர் கையை உயர்த்தினார். "ஒண்ணும் தரமாட்டோம்னு என் பேருல ஆப்பியாவில ஒரு ஃபைல்ல இருக்கும். நாளைக்கு என் பேரன் அந்த ஆபீஸுக்கே வேலைக்குப் போவான். எடுத்துப் படிப்பான். தாத்தா எச்சில் கையால காக்கா ஓட்டாதவர்னு நினைப்பான். மாட்டேன்."

பிறகு பேச்சு என் பக்கம் திரும்பியது. தப்பு யாருடையது என்று ஆரம்பித்தார்கள். சொன்னவர்கள் இருபது பேர், எழுதியவன் ஒருவன். "நீ ஏன் எல்லாத்தையும் எழுதினே?" என்றார்கள். "சொன்னதை எழுதினேன்" என்றேன். "சொல்றதெல்லாம் எழுதறதுக்கா? சொல்றது கேக்கறதுக்கு!" என்றார் ஃபாகாதா. எல்லோரும் ஆமாம் என்றார்கள். தீர்மானம் இரண்டு நிறைவேறியது. ஒன்று, "எதுவும் தரமாட்டோம்" என்பதைச் செயலாளர் தன் சொந்தப் பொறுப்பில், சபைக்குத் தெரியாமல் எழுதிக்கொள்ளலாம். இரண்டு, அதற்குப் பிறகும் கிளைவ் வராவிட்டால் செயலாளருக்கு அபராதம் ஒரு பன்றி, இரண்டு பெட்டி டின் மீன்; செயலாளர் பதவி ஃபாகாதாவின் மருமகனுக்கு. அந்த மருமகனுக்குத் தேதிகூட ஒழுங்காக எழுத வராது. இரண்டு தீர்மானத்தையும் நானே பதிவுசெய்தேன், தெளிவான கையெழுத்தில்.

ஆகவே இத்துடன் புதுப் படிவத்தை இணைத்திருக்கிறேன். நாலாம் பக்கத்தைப் பார்த்துக்கொள். ஆறு கோட்டையும் நிரப்பியிருக்கிறேன், ஏனென்றால் விவரமாக எழுதவும் என்று இருக்கிறது: "வைனோனு ஊர் திரு. கிளைவ் ஹாரப் அவர்களுக்கு எதுவும் தராது. சாப்பாடு தராது. பாய் தராது. பட்டம் தராது. தண்ணீர் தராது, தண்ணீர் இல்லை. அவர் வரும்போது யாரும் பாடமாட்டார்கள். போகும்போது யாரும் அழமாட்டார்கள்." இதை எழுதிமுடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசி வரியை எழுதும்போது உன் அண்ணி தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "இந்த ஊருக்கு நானே வரமாட்டேன்" என்றாள்.

உன்னிடம் நான் சலுகை கேட்கவில்லை. அண்ணனுக்காக ஒரு முத்திரை குத்து என்று ஒருநாளும் கேட்கமாட்டேன். மத்தாவுலிக்கு எந்த அளவுகோலோ அந்த அளவுகோல். அவர்கள் கோப்பு எந்த மேஜையில் எத்தனை நாள் இருந்தது, யார் வெள்ளிக்கிழமை படகில் போகும்போது யாரிடம் எந்தப் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதவில்லை. மாப்பிள்ளை நல்லவர்.

இன்றைய நிலவரம்: கோப்பு வெள்ளிக்கிழமை மேலதிகாரிக்குப் போகும் என்று உங்கள் ஆபீஸ் வாசல் காவலர் சொன்னார், அதை நான் உறுதிசெய்யவில்லை. சபை சனிக்கிழமை காலை கூடுகிறது. கிளைவின் டிக்கெட் அதற்கடுத்த திங்கட்கிழமைக்கு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மூத்தவளுக்குப் பல் விழுந்துவிட்டதா என்று லோதா கேட்கிறாள். கர்த்தர் உன் வாசலையும் உன் மேஜையையும், அதன் மேலிருக்கும் முத்திரையையும் ஆசீர்வதிப்பாராக. மாப்பிள்ளைக்கும் என் அன்பு. கடைசியில் என்றாலும் குறையில்லாமல்.

உன் அண்ணன்
பெனியாமினா
(சனிக்கிழமை வரை) சபைச் செயலாளர், வைனோனு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஒரு செய்தி. நேரம் மூன்று நாற்பது. ஆதாரம், என் சொந்தத் தலை, நனைந்திருக்கிறது. உன் அண்ணி வாசலில் வந்து நின்று, "என்னங்க, லெட்டர் முடிஞ்சுதா? குழாயில தண்ணி வருது. குளிச்சிட்டு வந்து ஒட்டுங்க" என்றாள். நான் நம்பவில்லை. போய்த் திறந்தேன். முகத்தில் அடித்தது.

நடந்தது இது. நிபுணர் வரும்வரை ஒருவரும் குழாயைத் தொடக்கூடாது என்று மார்ச்சிலேயே சபை தடை போட்டிருந்தது. நேற்றுச் சபையில் பாதி இளநீர் வரைக்கும் பேச்சுப் போனதைக் கேட்டுவிட்டு, மகளிர் குழு இன்று விடியற்காலையில் மலையேறியிருக்கிறது. பழைய லாரி டயர் டியூபைக் கீற்றுக் கீற்றாக அறுத்து வெடித்த மூன்று இடத்திலும் சுற்றி, மீன்பிடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். மொத்தம் ஐந்து மணி நேரம். ஏழு மாதமாக ஏன் செய்யவில்லை என்று உன் அண்ணியைக் கேட்டேன். "நீங்கல்லாம் மீட்டிங்ல இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்தோம்" என்றாள்.

உடனே மூத்த தலைவரிடம் ஓடினேன். அவரும் நனைந்திருந்தார். "ஐயா, தண்ணி வந்துருச்சு. அப்ப கிளைவ் வேண்டாம்னு தெலேஸியாவுக்கு எழுதிடட்டுமா?" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தண்ணிக்கும் ஆளுக்கும் என்னய்யா சம்பந்தம்? மத்தாவுலியில ஒருத்தர் இருக்காரா இல்லையா?"

இருக்கிறார். ஆகவே, தங்கையே, மேலே குழாயைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடு. விண்ணப்பத்தை மட்டும் அடிக்காதே. கிளைவ் வரவேண்டும். அவர் ஒரு வேலையும் செய்ய வேண்டாம். பன்னிரண்டு வாரம் இங்கே சும்மா இருந்தால் போதும். வேலையே செய்யாதவருக்கு நாங்கள் எதைக் கொடுத்தாலும் அது ஊதியம் ஆகாது என்பதையும் கவனி; ஃபாகாதா இதைக் கேட்டதிலிருந்து முற்றத்தில் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

நிலுவையில் இருப்பது ஒன்றே ஒன்று: ஒன்றும் செய்யாமல் இருக்க வருகிறவருக்கு எந்த விசா? சுற்றுலா விசா என்று மட்டும் சொல்லிவிடாதே. அது யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். கோர்டன் பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே முத்திரை, முடிந்தால் கொஞ்சம் பெரியதாக. பதிலை வியாழக்கிழமை பஸ்ஸில் எதிர்பார்க்கிறேன்.